நான்காவது உலை

இரண்டு மணிக்குள் பெங்களூர் போய்ச் சேர்ந்துவிடுமா சார் இந்த பஸ்? நீங்கள் அடிக்கடி போய்வருகிறவர் மாதிரி தெரிகிறது, அதனால் கேட்டேன். கண்டக்டரைக் கேட்டால், "ஓசூர் டிராஃபிக் என்ன எங்க மாமியார் வீடா சார், முன்கூட்டியே சொல்லி வைக்க?" என்கிறார். நகைச்சுவை. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இரண்டு மணிக்கு ஒரு கமிட்டி. ஐந்து பேர் உட்கார்ந்து, பன்னிரண்டு வருடமாக நான் செய்துவருகிற வேலையை இழுத்து மூடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறார்கள். மூடத்தான் போகிறார்கள். எனக்கு அடுத்த வருடம் ஓய்வு. மூடினால் மறுபடி திறக்க எனக்கு வயது கிடையாது.

நீங்கள் மகளைப் பார்க்கவா? நல்லது. பையில் தட்டுவடையா? வாசனை வருகிறது. வேண்டாம் சார், இப்போது எனக்கு எதுவும் இறங்காது.

என்ன வேலை என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன், தொப்பூர் மலைப்பாதையில் எப்படியும் பஸ் ஊர்ந்துதான் போகும். என் பெயர் சிவசைலம். உலோக ஆராய்ச்சி. பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடம், பெயர் வேண்டாமே. விமானம் பறக்கிறதல்லவா, அதன் எஞ்சினுக்குள்ளே உங்கள் உள்ளங்கை அளவில் தகடு தகடாக வட்டமாக வைத்திருப்பார்கள். அது சுற்றும். சுற்றுகிற வேகத்தில் ஒவ்வொரு தகட்டையும் ஒரு லாரியைக் கட்டித் தொங்கவிட்டதுபோல இழுக்கும். அதே நேரத்தில் அதன்மேல் நெருப்புக் காற்று அடிக்கும். சாதாரண இரும்பு அங்கே வெயிலில் வைத்த மெழுகுவத்திதான். அதற்காகத்தான் நிக்கல். வெறும் நிக்கல் இல்லை. குரோமியம், கோபால்ட், அலுமினியம், டங்ஸ்டன் என்று பத்துப் பன்னிரண்டு சரக்கை அளந்து போட்டு, காற்றே இல்லாத உலையில் உருக்கி வார்க்கிற கலவை. சூப்பர் அலாய் என்பார்கள். இப்போது இருக்கிற கலவை ஒரு சூடு வரைக்கும் தாங்கும். என்னுடையது அதைவிட முப்பது டிகிரி கூடுதலாகத் தாங்கும்.

சிரிக்காதீர்கள். முப்பது டிகிரிதானா என்று என் மைத்துனர்கூடச் சிரித்தார். எஞ்சினில் முப்பது டிகிரி கூட்டினால் எரிபொருள் மிச்சம், ஆயுள் கூடுதல், எவ்வளவோ. ஆனால் அந்த முப்பதைக் கூட்டுவதற்குள் மனிதனுக்குத் தலை நரைத்துவிடும். டங்ஸ்டனை ஒரு சிட்டிகை ஏற்றினால் பலம் வரும், கூடவே வேறொரு கோளாறும் வரும். அதைச் சரிக்கட்ட இன்னொன்று. இப்படியே பன்னிரண்டு வருடம்.

தாங்குகிறதா என்று எப்படித் தெரியும்? அதுதான் விஷயம். விரல் நீளத்தில் ஒரு கம்பி கடைவோம். நடுவில் இடுப்பு மாதிரி ஒல்லியாக, இரண்டு முனையும் தோள் மாதிரி அகலமாக. அதை ஓர் உலைக்குள் நிறுத்தி, கீழே எடையைத் தொங்கவிட்டு, சூட்டை ஏற்றிவிட்டுக் காத்திருப்போம். அவ்வளவுதான். காத்திருப்பதுதான் வேலை. பழைய சாக்ஸ் எலாஸ்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நீளுமே, அப்படி நீளும், மயிரிழை மயிரிழையாக. கடைசியில் ஒருநாள் இடுப்பில் அறும். எவ்வளவு நாள் கழித்து அறுகிறது என்பதுதான் மதிப்பெண். கமிட்டி கேட்டது, ஆயுத பூஜைக்கு ஏற்றினால் பொங்கல் தாண்டி நிற்கவேண்டும் என்று.

தீபாவளிக்கு முன்னால் உடைந்துவிட்டது சார். மூன்று உலையில் போட்ட மூன்று கம்பியும். ஒன்றன்பின் ஒன்றாக. எங்கள் இயக்குநர் எல்லார் முன்னாலும் சொல்கிறார்: "என்னய்யா சிவசைலம், பூஜையில உடைச்ச பூசணிக்காயே கொஞ்சம் நேரம் தாக்குப்பிடிச்சுதே!" எல்லாரும் சிரித்தார்கள். காபி கொண்டுவந்தவர்கூட.

தண்ணீர் இருக்கிறதா? நன்றி.

எங்கே தப்பு நடந்தது என்று எனக்குத் தெரியும். கை. கைதான். இந்த நிக்கலுக்கு இரண்டு மூன்று விஷம் உண்டு. உப்பு, கந்தகம், ஈயம். ஒரு லாரி அரிசியில் நாலு கல் கிடந்தால் உங்களுக்குத் தெரியுமா? நிக்கலுக்குத் தெரியும். முக்கியமாக ஈயம். உலோகம் என்பது மணி மணியாக ஒட்டிக்கொண்டிருப்பது சார், செங்கல் சுவர் மாதிரி. சூட்டில் ஈயம் உருகி அந்தச் செங்கல்களுக்கு நடுவே இறங்கிவிடும். சிமெண்ட் இருந்த இடத்தில் வெண்ணெய் வைத்துக் கட்டினதுபோல ஆகிவிடும். அப்புறம் சுவர் எங்கே நிற்கும்?

அதனால்தான் என் லேபில் சட்டம். கம்பியை வெறுங்கையால் தொடக்கூடாது. கையுறை போடவேண்டும். அசிட்டோனில் கழுவி, இடுக்கியால்தான் எடுக்கவேண்டும். பென்சிலால் ஒரு கோடு போட்டால்கூட நான் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவேன். போட்டிருக்கிறேன். எனக்கு லேபில் பட்டப்பெயர் 'மடி மாமி'. தெரியும் எனக்கு. சொல்லிவிட்டுப் போகட்டும்.

செங்கொடி என்று ஒரு பெண். என்னிடம் ஆராய்ச்சி உதவியாளர். பெயரைக் கேட்டீர்களா? அப்பா மில் யூனியன்காரர், அதனால் அப்படி. கெட்டிக்காரிதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அலட்சியம். ஒருதடவை கம்பி ஒன்று மேசையிலிருந்து உருண்டது. சட்டென்று வெறுங்கையால் பிடித்துவிட்டாள். கீழே விழுந்து நசுங்கியிருக்கும், அதைத் தடுத்தாள், சரி. ஆனால் வெறுங்கை! இரண்டு மாதக் கடைசல் வேலை, அவள் கண்ணெதிரிலேயே குப்பையில் போட்டேன். அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். அப்போதுதானே புத்தி வரும்.

இயக்குநர் காரணம் கேட்டபோது நான் அதைத்தான் சொன்னேன். கம்பிகளைக் கழுவித் துடைத்தது இவள்தான், வெறுங்கை பட்டிருக்கும் என்று. அவளுக்கு ஒப்பந்த வேலை, இந்த மாதம் புதுப்பிக்கவேண்டும். புதுப்பிப்பார்களா தெரியவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? கேட்டார்கள், சொன்னேன்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? உடைந்த மூன்றையும் எடுத்துக்கொண்டுபோய் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறாள். நேராக என் அறைக்கு வந்தாள். "சார், மூணுமே இடுப்புல உடையல. தோள்ல உடைஞ்சிருக்கு. ஒரே இடம். அந்த இடத்துல ஈயம் இருக்கு" என்றாள். "உன் விரல்தான்" என்றேன். "என் வேர்வையில உப்பு இருக்கும் சார். ஈயம் எப்படி இருக்கும்?" என்கிறாள். எதிர்த்துப் பேசுகிறாள் பாருங்கள். அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆயுத பூஜை அன்னைக்கு நீங்க அந்த இடத்துலதானே சார் பொட்டு வெச்சீங்க?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்க்கவேண்டுமே.

இல்லை, வைத்தேன். வைக்கவில்லை என்று நான் சொல்லவில்லையே. வருடா வருடம் வைப்பதுதான். எங்கள் லேபில் ஆயுத பூஜை விமரிசையாக நடக்கும். எல்லா மெஷினையும் நிறுத்தித் துடைத்து, சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டுவார்கள். இந்த உலைகளை மட்டும் நிறுத்த முடியாது, எடை தொங்கிக்கொண்டே இருக்குமே. அதனால் புது டெஸ்ட் ஏதாவது இருந்தால் அன்றைக்கு நல்ல நேரம் பார்த்து ஆரம்பிப்போம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது சார். விஞ்ஞானி. ஆனால் என் மனைவி கோமதி வருடா வருடம் குங்குமம் கொடுத்து அனுப்புவாள். "மெஷினுக்கு வெச்சுட்டு வாங்க" என்பாள். அவளுக்காக வைப்பேன். மற்ற வருடமெல்லாம் உலையின் வெளிக்கதவில் வைப்பதுதான். இந்த வருடம்தான், கடைசி வாய்ப்பாயிற்றே என்று, கம்பியிலேயே வைத்தேன். இடுப்பில் வைக்கவில்லை. தோளில்தான், ஓரமாக, மோதிர விரலால் இத்துனூண்டு.

கையுறையா? கையுறையோடு யாராவது பொட்டு வைப்பார்களா சார்? அந்த ஒரு கையில் மட்டும் கழற்றினேன். என் கை சுத்தமான கை. ஸ்நானம் பண்ணிவிட்டு வந்த கை.

என்ன யோசிக்கிறீர்கள்? நீங்களும் அவள் மாதிரியே பார்க்கிறீர்களே. கேளுங்கள், முழுக்கக் கேளுங்கள்.

மொத்தம் நான்கு உலை. அன்றைக்கு நான்காவது உலையில் சூடேற்றும் கம்பிச்சுருள் எரிந்துபோய்விட்டது. சரிசெய்ய ஒரு வாரம் ஆயிற்று. அப்புறம் அதில் கம்பியை ஏற்றியது செங்கொடி. நான் அப்போது கோமதிக்கு முட்டி ஆபரேஷன் என்று லீவில் இருந்தேன். பூஜையும் இல்லை, பொட்டும் இல்லை, நல்ல நேரமும் பார்க்கவில்லை. அது இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. நான் இல்லாதபோது போட்டது எப்படிக் கணக்காகும்?

"சார், அந்தக் குங்குமத்துல ஒரு சிட்டிகை கொண்டாங்க, சோதிச்சுப் பாத்துடலாம். மலிவுக் குங்குமத்துல நிறத்துக்காக ஈயச் செந்தூரம் கலப்பாங்க சார்" என்று அவள் விடாமல் நச்சரித்தாள். "ஈயம் இருந்துட்டா உங்க அலாய் தப்பிச்சுடும் சார். வெளியிலேருந்து பட்ட அழுக்கால உடைஞ்சதுன்னு கமிட்டியில சொல்லலாம். மறுபடி டெஸ்ட் குடுப்பாங்க" என்கிறாள். அவளுக்கு என்னவோ என் அலாய்மேல் என்னைவிடப் பாசம் மாதிரி.

அதற்காகத்தான் நேற்று சேலம் வந்தேன். அம்மாப்பேட்டையில் கோமதியின் தங்கை வீடு, ஆபரேஷனுக்குப் பிறகு அங்கேதான் இருக்கிறாள். திடீரென்று என்னைப் பார்த்ததும், "என்னங்க, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிறீங்க? இட்லி ஊத்தக்கூட மாவு இல்லையே" என்றாள். அப்புறம் முதல் கேள்வியே, "மெஷினுக்குப் பொட்டு வெச்சீங்கல்ல? நிக்குதா?" என்பதுதான். "நிக்குது" என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது? முப்பது வருடமாக நான் லேபே கதியென்று கிடந்தேன். அவளுக்கு அதில் பங்கு என்றால் அந்தப் பொட்டு ஒன்றுதான்.

கேட்கவேண்டும் என்று போனேன். கேட்கவில்லை. ஆனால் அவளே பேச்சுவாக்கில் சொன்னாள். "இந்தத் தடவை வீட்ல மஞ்சள்ல செஞ்ச குங்குமம் தீர்ந்துபோச்சுங்க. முட்டி வலியோட நான் எங்க உக்காந்து செய்யறது? கோயில் வாசல்ல ஒருத்தன் கூறுகட்டி வித்துட்டிருந்தான். செக்கச்செவேல்னு அழகா இருந்துச்சு. நெத்தியில வெச்சா ஒரே அரிப்பு. சரி, மெஷினுக்கு அரிக்கவா போகுதுன்னு அதையே குடுத்தனுப்பிட்டேன்."

வெள்ளந்தி சார் அவள். சிரித்துக்கொண்டே சொல்கிறாள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "ஏங்க, ஏதாவது ஆயிடுச்சா? அந்தப் பொடியாலயா? ஆயிருந்தா எம்பேரைத் தாராளமாச் சொல்லிட்டுப் போங்க. எனக்கென்ன புரமோஷனா நின்னுடப் போகுது?" என்றாள்.

இப்படிப்பட்டவளை எப்படி சார் காட்டிக்கொடுப்பேன்? அந்த ஐந்து பேர் முன்னால் போய் நின்று, என் மனைவி கொடுத்த குங்குமம் என்று என் வாயால் சொல்வேனா? அவளைக் காப்பாற்றத்தான் நான் இவ்வளவும் படுகிறேன். என்னை நினைத்து இல்லை. நீங்கள் நம்புகிறீர்கள்தானே?

இன்னொன்றும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். கலவை சரியில்லை, அதனால் உடைந்தது என்றால், அது ஆராய்ச்சியில் தோல்வி. எவ்வளவோ பெரிய மனிதர்கள் தோற்றிருக்கிறார்கள். அதில் மரியாதைக் குறைவு இல்லை. ஆனால் சிவசைலம் கையுறையைக் கழற்றிவிட்டுக் கம்பிக்குப் பொட்டு வைத்தான், பட்டென்று போயிற்று என்றால்? ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் என் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள் சார். நான் செத்த பிறகும் சிரிப்பார்கள். குப்பையில் போட்டேனே அந்தக் கம்பி, அதைப் பற்றியும் பேசுவார்கள். முப்பது டிகிரியை யார் பேசப்போகிறார்கள்?

கிருஷ்ணகிரி வந்துவிட்டதா? மணி என்ன? கடவுளே. இந்தச் சுங்கச்சாவடியில் இவ்வளவு வண்டியா.

ஒரு நிமிடம். போன். அவள்தான். நான் எடுக்கப்போவதில்லை... விடமாட்டாள். எடுக்கிறேன்.

சொல்லும்மா. பஸ்ஸில் இருக்கிறேன். சத்தமாகப் பேசு. என்ன? நான்காவதா? ... எப்போது? ... இன்றைக்குக் காலையிலா? ... இடுப்பு எவ்வளவு நீண்டிருக்கிறது? ... அவ்வளவுதானா? சரியாகப் பார்த்தாயா? ... இல்லை, அழவில்லை. பஸ் சத்தம். ... யாரிடம் சொன்னாய்? இயக்குநரிடமா? என்னைக் கேட்காமலா? ... செங்கொடி, நான் சொல்வதைக் கேள். அந்த உலை சூடு குறைவாக ஓடுகிறது. புதுச் சுருள், அப்படித்தான் ஓடும். குறைந்த சூட்டில் எந்த இரும்பும்தான் நிற்கும். ... இன்னொரு வெப்பமானி வைத்துப் பார்த்தாயா? ... இரண்டும் ஒன்றாகக் காட்டுகிறதா? ... அதையும் நம்ப முடியாது. அணைத்துவிடு. ... ஆமாம், அணைத்துவிடு என்கிறேன். எடையை இறக்கு. நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். ... என்ன சொன்னாய்? ... ஹலோ? ஹலோ?

வைத்துவிட்டாள்.

கேட்டீர்களா? நான்காவது உலை, கமிட்டி கேட்ட கெடுவை இன்று காலையில் தாண்டிவிட்டதாம். தாண்டியும் நிற்கிறதாம். "சும்மா தூண் மாதிரி நிக்குது சார்" என்கிறாள். அவள் குரலைக் கேட்டீர்களா, என்ன சந்தோஷம்! இயக்குநர், "மத்த மூணும் ஏன் உடைஞ்சுதுன்னு மட்டும் சிவசைலம் சொல்லிட்டா, திட்டத்தை நானே காப்பாத்துறேன்" என்றாராம். மற்ற மூன்றுக்கும் ஒரு காரணம் சொன்னால் போதுமாம். ஒரே ஒரு வாக்கியம். அவள் எனக்குச் சொல்லித்தருகிறாள்.

தூண் மாதிரி நிற்கிறது. பன்னிரண்டு வருடம் சார். நான் கணக்குப் போட்ட கலவை. நான் உருக்கினது. அந்தச் சூட்டில், அந்த எடையைத் தாங்கிக்கொண்டு, இந்த நிமிடம்கூட நிற்கிறது. நான் இதைக் கேட்டுத் துள்ளியிருக்கவேண்டும், இல்லையா? உங்களுக்கு அப்படித்தானே தோன்றுகிறது?

ஆனால் யோசித்துப் பாருங்கள். மூன்று உடைந்தது, ஒன்று நிற்கிறது. நேர்மையானவன் எதை நம்புவான்? மூன்றைத்தானே நம்புவான்? சந்தேகமான ஒன்றைக் கமிட்டி முன்னால் வைப்பது முறையா? அணைத்துவிடு என்றேன். "மாட்டேன் சார்" என்கிறாள். "நீங்க என்னைப் பத்தி என்ன வேணா சொல்லிக்குங்க. வேலையும் போகட்டும். இதை மட்டும் நான் அணைக்கமாட்டேன். இது உங்க உலோகம் சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எனக்கே சொல்கிறாள், என் உலோகம் என்று.

 

சார், ஓர் உதவி. உங்கள் போனை ஒரு நிமிடம் தாருங்கள். எங்கள் மின்சாரப் பிரிவில் பரசுராமன் என்று ஒருவர் இருக்கிறார். என் பெயர் தெரிந்தால் எடுக்கமாட்டார், இந்நேரம் அவள் சொல்லிவைத்திருப்பாள். புது எண்ணாக இருந்தால் எடுத்துவிடுவார். நாலாம் நம்பர் இணைப்பைப் பிடுங்கு என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். இணைப்புப் போனால் சூடு இறங்கிவிடும். சூடு இறங்கினால் டெஸ்ட் செல்லாது. செல்லாத டெஸ்டைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். மூன்றோடு முடிந்துவிடும்.

சார்?

ஏன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறீர்கள்? சார்ஜ் இல்லையா? தர்மபுரியில்கூட மகளிடம் பேசினீர்களே. நான் எங்கேயும் ஓடிவிடமாட்டேன், உங்கள் பக்கத்திலேயேதானே உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து எங்கே போகிறீர்கள்? நீங்கள் இறங்குவது பெங்களூரில்தானே. முன்னால் சீட் காலியா? இங்கே என்ன குறை? நான் உங்களை என்ன கேட்டுவிட்டேன்? சார், இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டுதானே வந்தீர்கள்!

போகட்டும்.

அம்மா, பின் சீட்டில் இருக்கிறீர்களே, உங்களைத்தான். உங்கள் போனை ஒரு நிமிடம் தருவீர்களா? ஒன்றுமில்லை அம்மா. ஓர் உலையை அணைக்கவேண்டும்.